வேண்டும் என்பது யாருக்கு? நெருடாவின் ஒரு வினைச்சொல்லைத் தமிழில் வாசித்தல்

ஸ்பானிய மொழியில் ‘கெரேர்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. அந்த மொழியைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு முதல் சில பாடங்களிலேயே வந்துவிடும். தண்ணீர் வேண்டும் என்பதற்கும், உன்மேல் அன்பாக இருக்கிறேன் என்பதற்கும் அதே வினைதான். கடைக்காரரிடம் ‘கியேரோ’ என்றால் வேண்டும். ஒருவர் முகத்தைப் பார்த்து ‘தே கியேரோ’ என்றால் நேசிக்கிறேன். அம்மாவிடமும் தோழியிடமும் காதலரிடமும் இதைச் சொல்லலாம். தேடுதல், கேட்டல் என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது இது. தேடுவது வேண்டுவதாகி, வேண்டுவது நேசிப்பதாகியிருக்கிறது.

தமிழில் எழுதும், வாசிக்கும் பெண்களுக்கு இந்த வினையோடு என்ன வேலை என்று கேட்கலாம். என் தலைமுறையில் கவிதைக்கு வந்த பலர் பாப்லோ நெருடா வழியாக வந்தவர்கள். மயிலாப்பூரிலும் அடையாறிலும் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் பத்துப் பேர் கூடிக் கவிதை வாசித்தால் அதில் ஒன்று நெருடாவுடையதாக இருக்கும். என் மாணவிகள் கைபேசியில் சேமித்து வைத்திருக்கும் காதல் வரிகளிலும் அவர் இருக்கிறார். அந்தக் காதல் கவிதைகளின் அச்சாணி ‘கெரேர்’. தமிழில் அது ‘காதலித்தேன்’ என்றோ ‘நேசித்தேன்’ என்றோ வந்து சேரும்போது, வேண்டும் என்கிற பாதி உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்த அந்தப் பாதியைத் தேடிப் போனால், 1929இல் கொழும்பில் நின்ற ஒரு தமிழ்ப் பெண்ணிடம் போய்ச் சேர்கிறோம்.

முதலில் அந்த வினையின் நடத்தையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூன்று இடங்கள் போதும்.

ஒன்று. ஸ்பானிய மொழியில் செயப்படுபொருள் குறிப்பிட்ட ஒரு மனிதராக இருந்தால் அதற்கு முன் ‘ஆ’ என்ற சிறு சொல் வரும். பொருளாக இருந்தால் வராது. ‘கியேரோ உனா க்ரியாதா’ என்றால் எனக்கு ஒரு வேலைக்காரி வேண்டும். ‘கியேரோ ஆ லா க்ரியாதா’ என்றால் அந்த வேலைக்காரியை நான் நேசிக்கிறேன். நடுவில் நிற்பது ஓர் எழுத்து. யாராக இருந்தாலும் சரி, ஓர் ஆள் தேவை என்னும்போது அந்த எழுத்து இல்லை. இன்னார் என்று ஒருவரைச் சுட்டும்போது அது வந்துவிடுகிறது.

இரண்டு. இந்த வினைக்கு இரண்டு விதமான இறந்தகாலம் உண்டு. ‘நோ கெரீயா’ என்றால் எனக்கு விருப்பம் இல்லாமல் இருந்தது. விருப்பம் இல்லாமலேயே அது நடந்தும் இருக்கலாம். ‘நோ கீஸே’ என்றால் மறுத்துவிட்டேன், அது நடக்கவில்லை. நம் வீடுகளில் பெண்கள் சொல்வதைக் கேட்டால் இந்த வேறுபாடு சட்டென்று புரியும். ‘எனக்கு அதுல இஷ்டமே இல்லாம இருந்துச்சு’ என்பது முதல் வகை. ‘மாட்டேன்னுட்டேன்’ என்பது இரண்டாம் வகை. முதல் வாக்கியத்தைக் கேட்டவுடன் ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்கத் தோன்றும். இரண்டாவதற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு வேலை இல்லை.

மூன்று. ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்பதற்கு ஸ்பானியர் ‘கே கியேரே தெஸீர்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் எடுத்தால், அது என்ன சொல்ல விரும்புகிறது என்று வரும். பொருள்படுதல் என்பதே அங்கே சொல்ல விரும்புதல்தான். இதைப் பிறகு எடுத்துக்கொள்வோம்.

இதன் பக்கத்தில் நம்முடைய ‘வேண்டும்’ என்ற சொல்லை வைத்துப் பார்க்கலாம். மயிலாப்பூர்க் கடற்கரையில் இந்த இரண்டு சொற்களும் முன்பே பக்கத்தில் பக்கத்தில் நின்றவைதான். 16ஆம் நூற்றாண்டில் சாந்தோமில் குடியேறிய போர்த்துகீசியரின் மொழியிலும் இதே ‘கெரேர்’ உண்டு.

‘வேண்டும்’ என்பதற்கும் பல முகங்கள். கபாலீசுவரர் கோயிலிலும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலிலும் பெண்கள் நேர்ந்துகொள்வது வேண்டுதல். நெருங்கியவர்களைச் சொல்லும்போது ‘அவங்க எங்களுக்கு ரொம்ப வேண்டியவங்க’ என்கிறோம். ஆக, வேண்டுவதிலிருந்து நேசத்துக்குப் போகும் வழி தமிழிலும் உண்டு. ‘வீட்டு வேலைக்கு ஆள் வேணும்’ என்பதற்கும் ‘வேண்டியவங்க’ என்பதற்கும் இடையில் உள்ள தூரம்தான் ஸ்பானிய மொழியில் அந்த ‘ஆ’ கடக்கிற தூரம்.

ஆனால் கெரேர் போகாத ஓர் இடத்துக்கும் ‘வேண்டும்’ போகிறது. அது கட்டாயம். ‘நான் போகணும்’ என்று ஒரு பெண் சொன்னால் அவள் போக ஆசைப்படுகிறாளா, போயே தீர வேண்டியிருக்கிறதா? வாக்கியம் சொல்லாது. ‘பொண்ணுன்னா அடக்கமா இருக்கணும்’ என்பதில் வரும் ‘ணும்’தான் ‘எனக்குப் படிக்கணும்’ என்பதிலும் வருகிறது. ஊர் நம்மிடம் எதிர்பார்ப்பதும் நாம் நமக்காக ஆசைப்படுவதும் ஒரே விகுதியில் முடிகின்றன. எதிர்மறையிலும் இப்படித்தான். ‘எனக்கு வேண்டாம்’ என்பது மறுப்பு. ‘நீ போக வேண்டாம்’ என்பது தடை.

இன்னொன்று, ‘வேண்டும்’ ஆளுக்கு ஏற்ப மாறாது. எனக்கு, உனக்கு, அவளுக்கு, அவர்களுக்கு என்று எது முன்னால் வந்தாலும் வினை அசையாது. கெரேர் அப்படியல்ல. ‘கியேரோ’ என்ற முடிவிலேயே ‘நான்’ இருக்கிறது. தமிழில் அந்த ‘நான்’ வினைக்குள் வர வேண்டுமானால் ‘வேண்டுகிறேன்’ என்று சொல்ல வேண்டும். சொன்னவுடன் பொருள் மாறிவிடுகிறது. அது விரும்புகிறேன் என்பதல்ல, இரந்து கேட்கிறேன் என்பது. விண்ணப்பங்களின் கடைசி வரியில் ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்பதைவிடப் பணிவாக எழுத நினைப்பவர்கள் போடும் சொல். தன்னை வினைக்குள் வைத்து வேண்டியவள் மன்றாடுகிறவளாகிவிடுகிறாள்.

இது இலக்கணம் பெண்ணுக்கு மட்டும் செய்த சதி என்று நான் சொல்லவில்லை. ஆணுக்கும் அதே வினைதான். ஆனால் ஒரு வீட்டில் நாள் முழுக்க இந்தச் சொல் யார் வாயில் எந்த வேற்றுமை உருபோடு வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். ‘பாப்பாவுக்குப் பால் வேணும்’, ‘அவருக்குக் காபி வேணும்’, ‘மாமாவுக்கு மாத்திரை வாங்கணும்’. ‘எனக்கு’ எத்தனை முறை வருகிறது? தி.நகர் ரங்கநாதன் தெருவில் கடைக்குக் கடை ‘என்ன வேணும்மா?’ என்று நாள் முழுக்கக் கேட்கும் பெண்களுக்கு உட்கார ஓர் இருக்கை வேண்டியிருந்தது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது 2021இல்தான். அடுத்தவரின் வேண்டும் என்பதை விசாரிப்பதே வேலையாக இருப்பவர்களின் வேண்டும் என்பதற்கு ஒரு சட்டமன்றம் தேவைப்பட்டிருக்கிறது.

நம் மரபு இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன்னால் எடுத்துச் சொல்லும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியக் களவியல். குறிப்பால் உணர்த்தலாம், தோழி சொல்லலாம், ஆனால் அவளே அவன் முன் சொல்லக் கூடாது. விருப்பத்தைச் சொல்லாமலேயே புரிந்துகொள்ளப்பட வேண்டியவளாகப் பெண்ணை வைத்த மரபு இது. இப்படி வைக்கப்பட்டவளின் மௌனத்துக்கு யார் வேண்டுமானாலும் பொருள் எழுதிக்கொள்ளலாம்.

இப்போது நெருடாவிடம் போகலாம். ‘இருபது காதல் கவிதைகளும் ஒரு நிராசைப் பாடலும்’ 1924இல் வந்தபோது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. இருபதாவது கவிதையில் கெரேர் இறந்தகாலத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அவன் அவளை விரும்பியது, சில நேரம் அவளும் அவனை விரும்பியது, இனி விருப்பமில்லை என்பது, ஒருவேளை இன்னும் இருக்கலாம் என்பது. தமிழில் ‘காதல்’ என்று போட்டுவிட்டால் அது தூய சோகம். ‘வேண்டும்’ என்பதை உள்ளே விட்டு வாசித்தால், ஒருத்தி வேண்டியிருந்ததையும் இனி வேண்டியிராததையும் ஒருவன் கணக்குப் பார்ப்பதும் கேட்கிறது. அவளுடைய விருப்பம் அங்கே சொல்லப்படுகிறது, உண்மைதான். ஆனால் அதைச் சொல்வதும் அவன்தான், ‘சில நேரம்’ என்று அளப்பதும் அவன்தான்.

பதினைந்தாவது கவிதை இன்னும் புகழ்பெற்றது. அவள் பேசாமல் இருப்பது தனக்குப் பிடித்திருக்கிறது என்பதில் தொடங்குகிற கவிதை. அவள் அங்கு இல்லாததுபோல் இருக்கிறாள், தொலைவில் இருக்கிறாள், அந்த மௌனத்தோடு அவன் பேசிக்கொள்கிறான். இதை மென்மையான கவிதை என்று வகுப்பில் சொல்லும் மாணவிகளோடு நான் வாதாடுவதில்லை. அதன் இசை மென்மையானதுதான். ஆனால் மௌனமான பெண்ணைப் பிடித்துப்போகும் ஒரு கவிமனம், உண்மையிலேயே தன்னோடு பேச முடியாத ஒரு பெண்ணின் முன் ஐந்து ஆண்டுகள் கழித்து நின்றபோது என்ன செய்தது என்பதையும் சேர்த்து வாசிக்கச் சொல்கிறேன்.

சிலியின் தூதரகப் பணியில் ரங்கூனில் இருந்த நெருடா அங்கிருந்து கொழும்புக்கு வந்தார். வெள்ளவத்தையில் கடலோரமாக ஒரு வீட்டில் இருந்தார். அந்த நாள்களைப் பற்றி அவர் எழுதியது, 1973இல் அவர் இறந்த பிறகு 1974இல் வெளிவந்த தன்வரலாற்றில் இருக்கிறது. வீட்டுக் கழிப்பறையின் வாளி தினமும் எப்படியோ சுத்தமாகிவிடுகிறது. ஒருநாள் விடியற்காலையில் எழுந்து பார்க்கிறார். அதைச் சுமந்து போகிறவர் ஒரு பெண். தமிழர் என்கிறார், சாதியையும் சொல்கிறார். மலிவான துணியில் சேலை, காலில் கனத்த தண்டைகள், மூக்கில் சிவப்பாக மின்னும் இரண்டு புள்ளிகள் என்று வருணிக்கிறார். கூப்பிட்டுப் பார்க்கிறார். பட்டுத் துணியோ பழமோ வழியில் வைத்துப் பார்க்கிறார். அந்தப் பெண் கேட்டதாகவோ பார்த்ததாகவோ காட்டிக்கொள்ளாமல் போகிறார். ஒருநாள் காலையில் துணிந்து அவர் மணிக்கட்டை அழுத்திப் பிடிக்கிறார். பிறகு நடந்தது வல்லுறவு. அந்தச் சொல்லை நெருடா பயன்படுத்தவில்லை. அவர் அதை ஒரு மனிதனும் ஒரு சிலையும் சேர்ந்ததாக எழுதுகிறார். முழு நேரமும் அந்தப் பெண்ணின் கண்கள் திறந்தே இருந்தன, எந்த உணர்ச்சியும் காட்டவில்லை என்கிறார். தன்னை அவர் இகழ்ந்தது சரிதான், அது மறுபடி நடக்கவில்லை என்று முடிக்கிறார்.

இந்தப் பக்கத்தை ஒரு வாக்குமூலமாக மட்டும் வாசித்துவிட்டுக் கடந்துபோகக் கூடாது. அதன் சொற்களுக்குள் போக வேண்டும்.

அந்தப் பெண்ணோடு பேச எந்த மொழியும் இல்லை என்று நெருடா எழுதுகிறார். ஆனால் அதே பத்தியில் தமிழிலிருந்து போன ஒரு சொல் அவரிடம் இருக்கிறது. ‘பாரியா’. பறையர் என்ற பெயரை ஐரோப்பியர் கொண்டுபோய், ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் உலக மொழிகளில் புழக்கத்தில் விட்ட சொல். அந்தப் பெண்ணின் மொழியிலிருந்து அவரைக் கீழே வைக்கும் சொல் ஸ்பானிய மொழிக் கவிஞரை வந்து எட்டியிருக்கிறது, ‘வேண்டாம்’ எட்டவில்லை. இன்றும் தமிழர் நிறைந்திருக்கும் பகுதி வெள்ளவத்தை. தமிழில் மறுப்புக்கு என்ன சொல் என்று கொழும்பில் எந்தக் கடையில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். மொழி இல்லை என்பதற்கு அந்த இடத்தில் பொருள், கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான். மலம் சுமக்க வைக்கப்பட்ட ஒரு பெண்ணிடம் விருப்பம் கேட்கத் தேவையில்லை என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவை சாதியும் காலனியமும். முன்னது அங்கே நாம் கட்டிவைத்தது.

அடுத்து அவர் போடும் வினை. தான் இழுத்துப்போனதாக எழுதவில்லை. அந்தப் பெண் தன்னை அழைத்துச்செல்ல விட்டதாக எழுதுகிறார். ‘தெஹார்ஸே’ என்ற வினை அது. மணிக்கட்டைப் பிடித்தபோது எழுவாயாக இருந்தவர் அவர். படுக்கையை நோக்கி நகரும்போது எழுவாய் அந்தப் பெண்ணாகிவிடுகிறார். அதுவரை எதையும் செய்ய அனுமதிக்கப்படாத ஒருவருக்கு அந்த இடத்தில் மட்டும் ஒரு வினை கொடுக்கப்படுகிறது, அனுமதிக்கும் வினை. இதைத் தமிழாக்க உட்காருகிறவர் முன்னால் ‘இணங்கினாள்’, ‘உடன்பட்டாள்’, ‘தன்னை ஒப்புக்கொடுத்தாள்’ என்று வழக்கமான சொற்கள் வந்து நிற்கும். மூன்றும் சம்மதத்தை ஏற்றிவிடும் சொற்கள். ‘எதிர்க்காமல் வந்தாள்’ என்பதே அந்த வரி தாங்கக்கூடிய அளவு. ஒரு தமிழ்ச் சொல்லில் ஒரு தமிழ்ப் பெண்ணின் சம்மதம் உண்டாக்கப்பட்டுவிடும் இடம் இது.

மூன்றாவது, அந்த மௌனம். அதற்கு என்ன பொருள் என்று கேட்க ஸ்பானிய மொழியில் ‘கே கியேரே தெஸீர்’ என்றே கேட்டாக வேண்டும். அது என்ன சொல்ல விரும்புகிறது? கேள்விக்குள்ளேயே கெரேர் இருக்கிறது, அதாவது விருப்பம் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்குத்தான் சிலை என்ற உவமை உதவுகிறது. சிலைக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. தென்னிந்தியாவின் பழஞ்சிற்பங்களோடு அந்த உடலை ஒப்பிடும் அழகிய வரி, அந்தப் பெண் என்ன சொல்ல விரும்பினார் என்ற கேள்வியின் மேல் வைத்த கல்.

அவரே ஒப்புக்கொண்டிருக்கிறாரே, தன்னை இகழ்ந்தது சரி என்கிறாரே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இகழ்ச்சியும் அவர் எழுதிக்கொடுத்ததுதான். இகழ்ச்சியா, பயமா, வாளியோடு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்ற கவலையா, நமக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் வீடுகளில் புழங்கும் பழமொழி. பெண் பார்க்கும் படலத்தில் தொடங்கி நீதிமன்றம் வரை அதற்குச் செல்வாக்கு இருந்திருக்கிறது. 1972இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் மதுரா என்ற ஆதிவாசிப் பெண் வல்லுறவுக்கு ஆளான வழக்கில், உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுவித்தது. உடலில் காயமில்லை, எதிர்ப்பின் அடையாளமில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சம்மதிப்பது வேறு, அடிபணிவது வேறு என்று நான்கு சட்டப் பேராசிரியர்கள் திறந்த கடிதம் எழுதினார்கள். பெண்கள் இயக்கம் தெருவுக்கு வந்தது. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. உடலால் எதிர்க்கவில்லை என்பதற்காக மட்டும் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்ற விளக்கம் 2013 திருத்தத்தில் வந்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறையாத மனைவி விஷயத்தில் கணவனுக்கு விதிவிலக்கு என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. மனைவியின் ‘வேண்டாம்’ நம் சட்டத்தில் இன்னும் ‘நோ கெரீயா’தான். இஷ்டமில்லாமல் இருந்தது, நடந்தது.

சிலி நாட்டில் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெருடாவின் பெயரைச் சூட்டும் முயற்சி 2018இல் வந்தபோது அங்குள்ள பெண்ணியவாதிகள் இந்தப் பக்கத்தை முன்வைத்து எதிர்த்தார்கள். இலங்கையில் அசோக ஹந்தகம இதை வைத்து 2021இல் ‘அல்போராதா’ என்ற திரைப்படம் எடுத்தார். அந்தப் பெண் பேசிய மொழியில் எழுதும் நாம் இதை எங்கே வைப்பது?

நெருடாவை வாசிக்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. என் மாணவிகளுக்குப் பதினைந்தாம் கவிதையையும் கொழும்புப் பக்கத்தையும் ஒரே வகுப்பில் வாசிக்கக் கொடுக்கிறேன். பிறகு இரண்டையும் தமிழாக்கச் சொல்கிறேன். ‘காதல்’ என்று எழுதுமுன் அங்கே வேண்டுகிறவர் யார், வேண்டப்படுகிறவருக்கு அந்த ‘ஆ’ கிடைத்ததா என்று கேட்கச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பு என்பது வேறு எதைவிடவும் நல்ல விமர்சனப் பயிற்சி. ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் யார் என்று முடிவுசெய்யாமல் ஒரு வரிகூட நகராது.

அந்தப் பயிற்சியில் மாணவிகள் திரும்பத் திரும்ப வந்து நிற்பது நம்முடைய இன்னொரு சொல்லிடம். திருத்தணிப் பக்கத்தில், அடுத்தது ஆண்பிள்ளையாகப் பிறக்கட்டும் என்று பெண் குழந்தைக்கு ‘வேண்டாம்’ என்றே பெயர் வைக்கும் வழக்கம் உண்டு. தென் மாவட்டங்களில் ‘போதும்பொண்ணு’. பள்ளிப் பதிவேட்டில் ஆசிரியர் கூப்பிட, ‘உள்ளேன்’ என்று எழுந்து நிற்கும் வேண்டாம்கள். மறுப்புக்கான சொல்லை ஆயுள் முழுக்கச் சுமப்பவர்கள், ஆனால் அந்த மறுப்பு அவர்களுடையதல்ல, அவர்களைப் பற்றியது. வேண்டாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்ற பழமொழியிலும் அப்படியே. ஆளைக் காட்டாத வினையில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. வேண்டாம் என்றது யார் என்பது மறைந்துவிடும்.

‘மாட்டேன்’ அப்படியல்ல. மாட்டேன், மாட்டாய், மாட்டாள் என்று அது ஆளைக் காட்டியே தீரும். சொல்கிறவளை இரப்பவளாக மாற்றாமல், அவளுடைய ‘நான்’ வினையின் கடைசியில் நிற்கிறது. மனிதர் ஒருவருக்குத் தன்னை மணம் பேசினால் உயிர்வாழ மாட்டேன் என்று நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் சொல்வது இந்தத் தன்மை எதிர்மறையில்தான். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பெண்கள் தங்கள் உடலை எழுதியபோது எழுந்த கூச்சல் அவர்களின் ‘வேண்டும்’ பற்றியது என்று நினைத்தோம். அந்தக் கவிதைகளைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் மறுப்புகள். சல்மாவையும் சுகிர்தராணியையும் மாலதி மைத்ரியையும் குட்டி ரேவதியையும் அந்த நோக்கில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எந்த இடத்தில் வினை தன்மையில் முடிகிறது, எந்த இடத்தில் முடியாமல் நிற்கிறது என்று பென்சிலால் கோடிட்டுக்கொண்டே வாசியுங்கள்.